இருண்டதெல்லாம் பேயா?



இந்த வருடம் தை மாதம், பொங்கல் கழிந்த மறுவாரம், இரவு ஒன்பது மணிக்கு எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. பேசியவர் திருப்பதியில் இருக்கும் நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றின் தாயார். அவர் வீட்டுக்காரரும் நானும் ஒரே டிப்போவில் வேலை பார்த்தவர்கள். அந்த அம்மாள் அழுதுகொண்டே, "அண்ணா, எங்க பொண்ணு சூனியம் கத்துக்கிட்டு வந்திருக்காண்ணா, நீங்க வந்து ஒரு வார்த்தை கேளுங்கண்ணா" என்றார். மறுநாள் காலை நகரியில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். அன்று நடந்ததையும் அதிலிருந்து எனக்குத் தோன்றியதையும் எழுதுகிறேன். அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யார் என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெண்ணுக்கு வயது இருபத்தாறு. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. விடுமுறைக்கு வந்தவள் தன் அறை அலமாரியின் மேல்தட்டைத் துடைத்து, வைக்கோல் புரி போன்ற ஒரு கயிற்றைக் கட்டி, அதில் மடித்து வெட்டிய வெள்ளைக் காகிதங்களைத் தொங்கவிட்டிருக்கிறாள். கீழே மூன்று சின்னக் கிண்ணங்களில் அரிசி, உப்பு, தண்ணீர். பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி, காய்ந்த துளசி, நிலாவின் வளர்பிறை தேய்பிறை வரைந்த ஒரு நோட்டுப் புத்தகம். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில் 'விட்ச்' என்ற சொல் இருந்தது. தாயார் கண்ணில் பட்டது அந்த ஒரு சொல்தான். அத்தைக்காரி வந்து பார்த்துவிட்டு, யாரோ ஒரு மந்திரவாதியைப் பேசி, தை அமாவாசை இரவில் கழிப்புக் கழிக்க இருபத்தைந்தாயிரம் ரூபாய் என்று முடிவும் செய்துவிட்டார். பெண் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

நான் கதவைத் தட்டி, "நான்தாம்மா, நகரிப் பெரியப்பா. திட்ட வரல. அது என்னன்னு எனக்குச் சொல்லிக் குடு" என்றேன். திறந்தாள். இரண்டு மணி நேரம் பேசினோம்.

அவள் சொன்னதன் சுருக்கம் இது. ஜப்பானியரின் ஷின்டோ வழிபாட்டையும், இங்கிலாந்தில் தோன்றிய விக்கா என்னும் நவீன சூனிய மதத்தையும் சேர்த்துக் கும்பிடுகிறவர்கள் வெளிநாடுகளில் அங்கங்கே இருக்கிறார்களாம். இதற்குத் தலைமை மடம் கிடையாது, குரு கிடையாது, சந்தா கிடையாது. படித்துப் பார்த்தாள், பிடித்திருந்தது, தனக்கு வேண்டிய அளவு எடுத்துக்கொண்டாள். பௌர்ணமி அன்று தண்ணீர் மாற்றி, விளக்கேற்றி, பத்து நிமிடம் பேசாமல் உட்காருகிறாள். அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் நானும் கொஞ்சம் படித்தேன். என் படிப்பு டிப்ளமோதான். ஆனாலும் ஒரு இயந்திரத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுமுன் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்பது என் தொழில் கற்றுக்கொடுத்த பழக்கம்.

முதலில் ஷின்டோ. அதற்கு ஸ்தாபகர் இல்லை. பைபிள், குர்ஆன் போல ஒரே வேத நூலும் இல்லை. மலை, அருவி, பழைய மரம், முன்னோர் எல்லாவற்றிலும் 'காமி' என்ற தெய்வசக்தி உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. கோயிலுக்குள் போகுமுன் கையையும் வாயையும் கழுவுகிறார்கள். தெய்வம் குடியிருக்கும் மரத்துக்குக் கயிறு கட்டுகிறார்கள். உப்பினால் தீட்டுக் கழிக்கிறார்கள். வீட்டு மாடத்தில் அரிசியும் உப்பும் தண்ணீரும் வைக்கிறார்கள். நம் ஊர் வேப்பமரத்துக்கு மஞ்சள் துணி சுற்றி, அடியில் ஒரு கல்லுக்குக் குங்குமம் வைத்து அம்மன் என்கிற நமக்கு இதில் புரியாதது என்ன இருக்கிறது? ஈசே என்ற ஊரில் இருக்கும் அவர்களுடைய தலையாய கோயிலை 20 வருடத்துக்கு ஒருமுறை பழையபடியே புதிதாகக் கட்டுகிறார்கள். 2013ல் கட்டியது 62ஆவது தடவை. நாம் 12 வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்கிறோம்.

இன்னொன்று. அந்த ஜப்பானில் பென்சைட்டன் என்று வீணை போன்ற வாத்தியம் ஏந்திய ஒரு தேவதை உண்டு. அது நம் சரஸ்வதியேதான். தைகோக்குட்டன் என்பது மகாகாளன். காங்கிட்டன் என்பது விநாயகர். பௌத்தத்தோடு சீனா வழியாகப் போய்ச் சேர்ந்தவர்கள். ஆயிரம் வருடத்துக்கும் மேலாக அங்கே புத்தரும் காமிகளும் ஒரே வளாகத்தில் இருந்தார்கள். 1868ல்தான் மெய்ஜி அரசாங்கம் உத்தரவு போட்டு இரண்டையும் பிரித்தது. ஆக, 'சுத்தமான ஷின்டோ' என்பதே அரசாங்க உத்தரவினால் பிரித்தெடுத்தது. கலப்புதான் அங்கே பழைய வழக்கம்.

அடுத்தது விக்கா. இதைப் பரப்பியவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர், 1884ல் பிறந்தவர். அவர் கதையில் நம்மவருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1900ல், பதினாறு வயதில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தார். பிறகு போர்னியோ, அப்புறம் மலேயா ரப்பர் தோட்டம், கடைசியில் ஜோகூரில் சுங்க இலாகா. 1936ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். ஆக வாலிபமும் நடுவயதும் கழிந்தது, நம் தமிழ்த் தொழிலாளர்கள் கொழுந்து பறித்த, பால் வெட்டிய அதே சீமைகளில்தான். 1951ல் இங்கிலாந்தின் பழைய சூனியச் சட்டம் ரத்தானது. 1954ல் அவர் தம் புத்தகத்தை வெளியிட்டார். பழங்கால ஐரோப்பிய வழிபாட்டின் மிச்சம் என்று அவர் சொன்னார். இருபதாம் நூற்றாண்டில் பல சரக்குகளைச் சேர்த்துக் கட்டிய புது மதம்தான் என்று ரொனால்ட் ஹட்டன் போன்ற சரித்திர ஆசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். நிலவையும் பருவங்களையும் ஒரு பெண் தெய்வத்தையும் ஒரு ஆண் தெய்வத்தையும் கும்பிடுவது, யாருக்கும் தீங்கு செய்யாதே என்பது, இவைதான் அதன் அடிப்படை. நம் ஊர் ஏவல், பில்லி என்ற பயமுறுத்தல்களுக்கும் இதற்கும் சம்பந்தம் சொல்லில் மட்டும்தான்.

கலப்பு என்பதற்காகவே முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் இருப்பது எங்கே? நகரியிலிருந்து தெற்கே போனால் திருத்தணி. அங்கே சூரனை வென்ற சேனாதிபதி, தினைப்புனம் காத்த குறத்தியைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். வடக்கே போனால் திருப்பதி. வேங்கடவனுக்கு பீபி நாஞ்சாரி என்று ஒரு முஸ்லிம் நாயகி உண்டு என்று ஜனங்கள் சொல்கிறார்கள். அதே திருப்பதியில் தாத்தய்யகுண்டா கங்கம்மாவுக்கு வைகாசி வாக்கில் ஜாத்திரை நடக்கிறது. ஆண்கள் புடவை கட்டிப் பெண் வேஷத்தில் வருகிறார்கள். பைராகி வேஷம், தோட்டி வேஷம், துரை வேஷம் என்று நாளுக்கொரு வேஷம். பெண்களைக் கெடுத்த பாளையக்காரனைத் தேடி அம்மன் போட்ட வேஷங்கள் என்பது கதை. கங்கம்மா பெருமாளுக்குத் தங்கை என்று தேவஸ்தானத்திலிருந்து சீர்ப்புடவை போகிறது. 2024ல் வந்த 'புஷ்பா 2' சினிமாவில் அந்த ஜாத்திரையைப் பார்த்து வடநாட்டார்கூடக் கை தட்டினார்கள். நாம் கலக்காததா? நம் பாட்டன் கலந்தால் சம்பிரதாயம், பேத்தி கலந்தால் சூனியமா?

இதைச் சொல்வதால் புது மதம் எல்லாம் நல்லது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். கவலைப்பட வேண்டிய இடம் வேறு என்பதே என் கருத்து.

நம் பக்கத்து வரதய்யபாளையத்தை எடுத்துக்கொள்வோம். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் வேலை பார்த்த ஒருவர் கல்கி பகவான் ஆனார். நம் பத்தாம் அவதாரத்தையும், மேல்நாட்டார் பேசிய 2012 என்ற பொற்காலக் கணக்கையும் சேர்த்து ஒரு இயக்கம் வளர்ந்தது. தலையில் கை வைத்து தீட்சை பெற வெளிநாட்டினர் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பளிங்குக் கோயில் எழுந்தது. 2019 அக்டோபரில் வருமான வரித்துறை சோதனை நடத்தி, 500 கோடி ரூபாய்க்கு மேல் கணக்கில் வராத வருமானம் தெரியவந்ததாக அறிவித்தது. அதன் நியாயத்தை அதிகாரிகளும் கோர்ட்டும் பார்த்துக்கொள்வார்கள். அங்கே மன நிம்மதி கண்டவர்களையும் எனக்குத் தெரியும். நான் சொல்ல வருவது ஒன்றுதான். அங்கே போக ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்களை நம்மில் யாரும் 'சூனியம்' என்று சொல்லி மந்திரவாதியிடம் இழுத்துப் போகவில்லை. மூன்று கிண்ணம் வைத்த பெண்ணைத்தான் இழுக்கப் பார்த்தோம்.

அதைவிடக் கொடியது ஒன்று உண்டு. 2021 ஜனவரியில் மதனப்பள்ளியில் வளர்ந்த இரண்டு பெண்களைப் பெற்றவர்களே கொன்றதாகப் போலீசார் வழக்குப் போட்டார்கள். நன்றாகப் படித்த பெற்றோர். கலியுகம் முடிந்து சத்திய யுகம் பிறக்கிறது, பிள்ளைகள் மறுபடி உயிரோடு எழுவார்கள் என்று நம்பினார்களாம். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர்கள் கும்பிட்டது அந்நிய சாமியை அல்ல. நம் வீட்டுப் பூஜை அறையில் இருக்கும் அதே சாமிகளைத்தான்.

நான் சிக்னல் பிரிவில் 36 வருடம் வேலை பார்த்தவன். பழைய கைகாட்டி மரம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதன் கம்பி அறுந்துபோனால் கை என்ன செய்யும் தெரியுமா? தானாகவே 'நில்' என்ற நிலைக்குப் போய்விடும். அப்படித்தான் எடை வைத்து அமைத்திருப்பார்கள். எது பழுதானாலும் வண்டி நிற்க வேண்டும், பழுதோடு ஓடக்கூடாது. ஒரு நம்பிக்கையை நான் இப்படித்தான் சோதிப்பேன். மனதில் எங்கோ ஒரு கம்பி அறுந்தால் அது 'நில்' என்று சொல்கிறதா, 'போ' என்று சொல்கிறதா? வைத்தியரைப் பார்க்காதே, வீட்டில் சொல்லாதே, இன்னும் பணம் கட்டு, சந்தேகப்படுவது பாவம், விட்டுப் போனால் நாசமாவாய் என்று சொல்லும் எந்த மதமும் 'போ' என்று கைகாட்டும் மதம். அதன் பெயர் ஷின்டோவோ, சைவமோ, கிறிஸ்தவமோ, எனக்கு அக்கறை இல்லை.

ஷின்டோவுக்கும் இந்தச் சோதனையை வைக்க வேண்டும். மரத்தையும் மலையையும் கும்பிட்ட அதே வழிபாட்டை ஜப்பான் அரசாங்கம் கையில் எடுத்து, சக்கரவர்த்தியைத் தெய்வமாக்கி, யுத்தத்துக்கு ஆள் சேர்த்தது. அந்த யுத்தத்தில் 1942, 43ல் சயாம் பர்மா ரயில் பாதை போட்டார்கள். 415 கிலோமீட்டர். மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் அந்தப் பாதை ஓரத்தில் செத்தார்கள். ரயில்வேக்காரனான எனக்கு அதை நினைக்காமல் இருக்க முடியாது. 1945 டிசம்பரில் அமெரிக்கர்கள் உத்தரவு போட்டு அரசாங்கத்தையும் ஷின்டோவையும் பிரித்தார்கள். இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. "நீ கும்பிடுறதோட முழுச் சரித்திரமும் உனக்குத் தெரிஞ்சிருக்கணும்மா" என்றேன். தலையாட்டினாள்.

இன்னொரு குறையும் சொன்னேன். "ஜப்பான்காரனுக்கு அந்தச் சாமி ஊர்ச் சாமி. ஊர் கூடிப் பல்லக்குத் தூக்குவான். நீ அறைக்குள்ள தனியா வச்சிருக்கே. உனக்கு ஒரு காய்ச்சல்னா உன் சாமி வீட்டுக்காரங்க யார் வந்து கஞ்சி வைப்பாங்க?" என்றேன்.

அதற்கு அவள் சொன்ன பதிலைத்தான் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். "எனக்கு எது பெரியப்பா ஊர்? ஸ்கூல்ல என்னை அரவப் பொண்ணுன்னாங்க. காஞ்சிபுரம் போனா சொந்தக்காரங்களே தெலுங்குப் பொண்ணு வந்திருக்குன்றாங்க. பெங்களூர்ல நான் ரெண்டும் இல்ல. கோயிலுக்குப் போனா எந்த ஊரு, எந்த ஆளுங்கன்னுதான் கேக்குறாங்க. இந்தத் தட்டு முன்னாடி உக்காந்தா யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல" என்றாள்.

அன்பர்களே, பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்தவர்கள் நாம். 1960 ஏப்ரலில் திருத்தணி அந்தப் பக்கம் போனது, நகரியும் புத்தூரும் இந்தப் பக்கம் நின்றன. அதன் பின் வேலைக்கு வந்து தங்கியவர்களும் உண்டு. இரண்டு பாஷையும் கலந்து பேசி, இரண்டு ஊர்ப் பண்டிகையும் கொண்டாடிப் பிள்ளைகளை வளர்த்தோம். சம்பாத்தியமும் படிப்பும் கொடுத்தோம். 'நீ இன்னார்' என்று அவர்கள் சொல்லிக்கொள்ள என்ன கொடுத்தோம்? நாம் கொடுக்காத இடத்தை அவர்கள் எங்கிருந்தோ கொண்டுவந்து நிரப்புகிறார்கள். அதற்கு மந்திரவாதி என்ன செய்ய முடியும்?

கடைசியாக ஒரு விஷயம். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்தேன்.

எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். எங்கள் தறித் தெருவில் பிள்ளையில்லாத ஒரு கிழவி தனியாக இருந்தாள். அடுத்தடுத்து இரண்டு வீட்டில் கைக்குழந்தைகள் இறந்தன. வயிற்றுப்போக்குதான். ஆனால் யாரோ அவளைச் சூனியக்காரி என்றார்கள். பெரியவர்கள் அவளுக்குத் தண்ணீர் எடுக்க விடவில்லை. பையன்கள் நாங்கள் கல் எறிந்தோம். நான் எறிந்த கல் ஒன்று அவள் காலில் பட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சில மாதத்தில் ஊரைவிட்டே போய்விட்டாள். எங்கே போனாள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பெயர்கூட எனக்குத் தெரியாது. தெருவில் எல்லோரும் அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னோம்.

ஐரோப்பாவில் இந்தச் சொல்லைச் சொல்லி 15 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை சுமார் 40,000 முதல் 60,000 பேரைக் கொன்றார்கள். பெரும்பாலும் பெண்கள். அது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். பீகார் 1999லும், ஜார்க்கண்ட் 2001லும் இதைத் தடுக்கத் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. 2022ல் நம் நாட்டில் சூனியத்தைக் காரணமாகக் கொண்ட கொலைகள் 85 என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. அந்த 85 பேரும் யாரோ ஒருவர் வாயில் அந்தச் சொல் வந்த பிறகுதான் செத்தார்கள்.

அன்று அந்தத் தாயார் தம் பெண்ணையே அந்தச் சொல்லால் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டதற்குக் காரணம் இதுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அரள்வது நாம். அடிபடுவது வேறு யாரோ.

மந்திரவாதி வரவில்லை. முன்பணம் ஐயாயிரம் போனது போனதுதான். அலமாரி அப்படியே இருக்கிறது. தாயாருக்கு முழுச் சமாதானம் ஆகிவிட்டது என்று சொல்லமாட்டேன். "எனக்குப் புரியல, ஆனா அவ என் பொண்ணு" என்றார். தகப்பனார் இன்னும் அந்த அறைக்குள் போவதில்லை. பெண் மட்டும் வாரம் இரண்டு தடவை போன் செய்கிறாள், முன்பு மாதம் ஒரு தடவைதான்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, மாதாந்திரக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். அவர்கள் எதை நம்புகிறார்கள், எதை நம்பவில்லை என்று சொல்லட்டும். பெரியவர்கள் அந்த ஒரு மணி நேரம் பதில் சொல்லாமல் கேட்க வேண்டும். இரண்டு, 'சூனியக்காரி' என்ற சொல்லை நம் வீடுகளில் வேடிக்கைக்குக்கூடச் சொல்வதில்லை என்று ஒரு தீர்மானம் போடுவோம். முன்மொழிய நான் வருகிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஆசிரியருக்கு எழுதுங்கள். திட்டி எழுதினாலும் பதில் எழுதுகிறேன்.